முறைப்பாடும் அரசும்: சர்வதேச முறையீட்டு நெறியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

தமிழில் 'முறை' என்னுஞ் சொல்லுக்கு நீதி என்பது பழம் பொருள்களுள் ஒன்றாகும். முறைசெய்தல் மன்னனின் கடமை. முறையிடுதல் குடியின் செயல். ஈழத்துத் தமிழ் வழக்கில் இன்று பொலிஸ் நிலையத்திற் பதியப்படுவதும் 'முறைப்பாடு' என்றே வழங்கப்படுகின்றது. சொல் ஒன்றாயினும் அச்சொல் குறித்து நின்ற சமூக உறவு காலந்தோறும் மாறி வந்துள்ளது. பெரியபுராணத்து மனுநீதிச் சோழன் வரலாற்றிலே, கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. குற்றவாளி மன்னனின் மகன். நீதி வழங்குபவன் மன்னன். சிலப்பதிகாரத்திலே குற்றவாளி மன்னனேதான். கண்ணகி சிலம்பைச் சான்றாகக் கொண்டு சென்று வழக்குரைக்கின்றாள். பிழை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறக்கின்றான். இரு கதைகளிலும் நீதி கிடைக்கின்றது. ஆயின் இரண்டிலும் அந்நீதிக்கு உள்ள ஒரே உத்தரவாதம் ஆள்பவனின் மனச்சான்றுதான். மனச்சான்று இல்லாத அரசனிடம் முறையிட நேர்ந்தவர்களின் கதி யாது என்ற வினாவுக்கு இவற்றில் விடையில்லை.

அவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு அளிக்க முயன்ற விடையே சர்வதேச முறையீட்டு நெறியாகும். அரசே குற்றஞ்சாட்டப்பட்டவராக நிற்கும்போது, அவ்வரசின் எல்லைக்கு வெளியேயுள்ள ஓர் அமைப்பிடம் குடிமகன் தன் குறையை எழுதியனுப்பலாம் என்பதே அதன் சாரம். இந்நெறி அரசுகளின் நடத்தையை உண்மையில் மாற்றியிருக்கின்றதா என்பதை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது தொடர்பாக இருவகைக் கருத்துகள் நிலவுவதை நாம் காண்கின்றோம். சட்ட நெறி செம்மையாக வகுக்கப்பட்டால் அரசுகள் படிப்படியாகத் திருந்தும் என்பது ஒன்று. இவையாவும் முதலாளித்துவ உலகின் கண்துடைப்பு என்பது மற்றொன்று. பின்னையது இடதுசாரிகளாகிய எம்மிடையே பெரிதும் செல்வாக்குடையது. யூதர் பிரச்சினை பற்றி 1844 இல் வெளிவந்த கட்டுரையிலே, மனித உரிமைகள் என்பன சமூகத்தினின்றும் பிரிந்து நிற்கும் தனிமனிதனின், சொத்துடையவனின் உரிமைகளாக அமைந்துள்ளமையை மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். அவ்விமர்சனம் இன்றும் வலுவுடையது. ஆனால் ஒரு நெறியின் வர்க்கப் பண்பை இனங்காண்பதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. அந்நெறி எந்நிலைமைகளில், யார் கையில், எவ்வாறு தொழிற்பட்டது என்பதும் ஆராயப்படவேண்டும். அவ்வாறு நோக்கும்போது மேற்கூறிய இரு கருத்துகளும் குறையுடையன என்பது தெரியவரும்.

2

முதலாம் உலகப் போரின் பின்னர் ஜெனீவாவில் நிறுவப்பெற்ற சர்வதேச சங்கத்திலிருந்து நாம் தொடங்கலாம். பேரரசுகளின் சிதைவில் தோன்றிய அல்லது விரிவடைந்த போலந்து, செக்கோசிலோவாக்கியா, ருமேனியா, யூகோசிலாவியா போன்ற நாடுகள் தத்தம் எல்லைக்குட்பட்ட சிறுபான்மையினரைப் பாதுகாப்பதாக ஒப்பந்தஞ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவற்றுள் முதலாவது 1919 யூனில் போலந்து கைச்சாத்திட்ட ஒப்பந்தமாகும். இக்கடப்பாட்டை விதித்த பிரித்தானியாவும் பிரான்சும் தம்மீது அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அவற்றின் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த கோடிக்கணக்கான மக்கள் இவ்வொப்பந்தங்களின் பாதுகாப்புக்கு முற்றிலும் புறம்பாயினர். சர்வதேச முறையீட்டு நெறி பிறக்கும்போதே ஏற்றத்தாழ்வுடன் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1920 ஒக்டோபரில் வகுக்கப்பட்ட நடைமுறைப்படி, சிறுபான்மையினர் அனுப்பும் விண்ணப்பம் வெறுந் தகவலாகவே கொள்ளப்பட்டது. விண்ணப்பதாரர் வழக்கின் ஒரு தரப்பினர் அல்லர். 1923 செப்டெம்பரில் விண்ணப்பங்களுக்கான விதிகள் மேலும் வரையறுக்கப்பட்டன. பெயரற்ற விண்ணப்பம் ஏற்கப்படாது. அரசினின்றும் பிரிந்துபோகக் கோருதல் கூடாது. வன்மொழி தவிர்க்கப்படல் வேண்டும். இலக்கிய மாணவரான எமக்கு இவ்விறுதி விதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுகின்றது. பாதிக்கப்பட்டவன் தன் சினத்தை நீக்கிவிட்டே துயரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது அதன் பொருள். முறையீடு என்ற எழுத்து வடிவம் தன் நடையையும் அதிகாரத்திடமிருந்தே பெற்றுக்கொண்டது.

இத்துணைக் குறைபாடுடைய நெறியும் ஒரு சந்தர்ப்பத்தில் வியக்கத்தக்க பயனை விளைவித்தது. மேல் சிலேசியா என்னும் தொழில்வளம் மிக்க பிரதேசம் ஜேர்மனிக்கும் போலந்துக்குமிடையே பிரிக்கப்பட்டபோது, அதன் இரு பகுதிகளிலும் வாழும் சிறுபான்மையினரைப் பாதுகாக்க 1922 மேயில் ஜெனீவாவில் ஒரு சமவாயம் செய்யப்பட்டது. அதன் ஆயுள் 15 ஆண்டுகள். அதன் 147 ஆம் உறுப்புரை சங்கத்தின் பேரவைக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் உரிமையை வழங்கியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களுள், 1933 ஏப்ரிலில், கிளைவிட்ஸ் நகரத்து வர்த்தக நிலையமொன்றில் ஊழியம் புரிந்த பிரான்ஸ் பேர்ன்ஹைம் யூதர் என்பதால் வேலைநீக்கஞ் செய்யப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேறிய அவர், யூத அமைப்புகளின் துணையுடன் மே மாதத்தில் ஜெனீவாவுக்கு விண்ணப்பித்தார். அவர் மேல் சிலேசியாவின் பூர்வீகக் குடி அல்லர் என ஜேர்மனி ஆட்சேபித்தது. சட்டவல்லுநர் குழு அதனை ஏற்கவில்லை. சமவாயத்துக்கு முரணாக நிகழ்ந்தவை கீழ்நிலை அதிகாரிகளின் தவறு என்று கூறிய ஜேர்மனி அவற்றைத் திருத்துவதாகவும் ஒப்புக்கொண்டது.

அவ்வாக்குறுதி பெருமளவுக்கு நிறைவேறியது. 1933 ஒக்டோபரில் ஜேர்மனி சங்கத்தை விட்டு விலகுவதாக அறிவித்த பின்னரும், 1935 இன் நூரெம்பேர்க் சட்டங்கள் வெளிவந்த பின்னரும், மேல் சிலேசியாவின் ஜேர்மன் பகுதியில் யூதருக்கு எதிரான சட்டங்கள் நடைமுறைக்கு வரவில்லை. 1937 யூலை 15 இல் சமவாயம் காலாவதியானதும் அவை அங்கும் வந்தன. 1938 நவம்பரில் கிளைவிட்சின் யூத வழிபாட்டிடம் எரியூட்டப்பட்டது.

உலக வரலாற்றின் மிகக் கொடிய ஆட்சியொன்று ஒரு சிறு பிரதேசத்தில் நான்காண்டுகள் தன் சட்டத்தை நிறுத்தி வைத்தமைக்குக் காரணம் யாது? மனச்சான்று அன்று. எல்லைக்கு அப்பால், போலந்தின் பகுதியில் வாழ்ந்த ஜேர்மன் சிறுபான்மையினருக்கும் அதே சமவாயமே காப்பாக இருந்தது. அதனை முறிப்பது ஜேர்மன் அரசுக்கே நட்டமாயிருந்தது. மேலும் 1933 இல் அதன் இராணுவ மீளமைப்பு நிறைவுறவில்லை. அரசின் நலனும் முறைப்பாடும் ஒரு புள்ளியிற் சந்தித்தபோது முறைப்பாடு வென்றது. அந்நலன் அகன்றதும் அதன் வலிமையும் அகன்றது. எனினும் அந்நான்கு ஆண்டுகள் பலருக்குத் தொழிலையும், சிலருக்கு நாட்டைவிட்டு வெளியேறும் அவகாசத்தையும் அளித்தன. அதனைக் கண்துடைப்பென்று ஒதுக்குவது அம்மனிதருக்கு இழைக்கும் அநீதியாகும்.

3

இரண்டாம் உலகப் போரின் பின் தோன்றிய ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகளைத் தன் சாசனத்திலேயே குறிப்பிட்டது. உலகெங்கணுமிருந்து முறைப்பாடுகள் குவியத் தொடங்கின. ஆனால் 1947 இல் மனித உரிமை ஆணைக்குழு, முறைப்பாடுகள் எதன்மீதும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று தீர்மானித்தது. பெருவல்லரசு ஒவ்வொன்றுக்கும் மறைக்க வேண்டியது ஒன்று இருந்தது. ஐக்கிய அமெரிக்காவுக்கு நீக்ரோ மக்கள்மீதான இனவொதுக்கல். பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் குடியேற்ற நாடுகள். சோவியத் யூனியனுக்குத் தடுப்பு முகாம்கள். இறுதியிற் கூறியதையும் நாம் மறைத்தல் தகாது.

அதே 1947 ஒக்டோபரில், டபிள்யூ. ஈ. பீ. டுபொய்ஸ் முன்னின்று தயாரித்த முறைப்பாடொன்று அமெரிக்கக் கறுப்பின மக்கள் சார்பிற் சமர்ப்பிக்கப்பட்டது. அதனை விசாரிக்க வேண்டுமென்ற சோவியத் முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. 1951 டிசெம்பரில், கறுப்பின மக்கள்மீது இனக்கொலை புரியப்படுகின்றது எனக் குற்றஞ்சாட்டும் மற்றொரு விண்ணப்பத்தை வில்லியம் பற்றேர்சன் பாரிஸிலும், போல் றொப்சன் நியூயோர்க்கிலும் கையளித்தனர். றொப்சனின் கடவுச்சீட்டு 1950 இலேயே பறிக்கப்பட்டிருந்தது. நாடு திரும்பிய பற்றேர்சனின் கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. முறைப்பாட்டுக்கு ஜெனீவாவும் நியூயோர்க்கும் செவிசாய்க்கவில்லை. ஆனால் வாஷிங்டன் அதனைக் கண்டு அஞ்சியது. பயனற்ற காகிதத்துக்கு அஞ்சி எந்த அரசும் கடவுச்சீட்டைப் பறிப்பதில்லை.

மூடியிருந்த கதவைத் திறந்தவர்கள் மேற்குலகச் சட்டவல்லுநர் அல்லர். விடுதலைபெற்ற ஆசிய, ஆபிரிக்க நாடுகளே. தென்னாபிரிக்காவின் இனவொதுக்கலையும் எஞ்சியிருந்த குடியேற்றவாதத்தையும் விசாரணைக்குட்படுத்தும் பொருட்டு அவை கொடுத்த அழுத்தமே 1967 இன் 1235 ஆம் தீர்மானத்துக்கு வழிகோலியது. தொடர்ந்து 1970 இல் 1503 ஆம் தீர்மானம் முறைப்பாடுகளை இரகசியமாகப் பரிசீலிக்கும் நடைமுறையை ஏற்படுத்தியது. தென்னாபிரிக்காவைக் குறித்துத் திறக்கப்பட்ட கதவு தம்மை நோக்கியும் திறந்திருப்பதை அந்நாடுகளின் ஆளும் வர்க்கங்கள் பின்னரே உணர்ந்தன.

4

இதற்கு இணையாக மற்றொரு நெறியும் உருவாகியது. குடியியல், அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயத்துடன் 1966 டிசெம்பரில் ஒரு விருப்ப நெறிமுறையும் நிறைவேற்றப்பட்டது. அதில் விரும்பிச் சேரும் அரசின் ஆளுகைக்குட்பட்ட ஒருவர், உள்நாட்டு நீதிமன்ற வழிகள் முடிவுற்றபின், 18 உறுப்பினர் கொண்ட மனித உரிமைக் குழுவுக்கு எழுதலாம். 1976 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் சொல்லாட்சியை நோக்குதல் பயன் தரும். முறைப்பாடு அங்கே 'தொடர்பாடல்' எனப்படும். முறையிடுபவர் 'எழுதியவர்' எனப்படுவார். குழு வழங்குவது தீர்ப்பன்று, 'கருத்துரை'. அரசுகளின் இறைமைக்கு ஊறு நேராதபடி ஒவ்வொரு சொல்லும் மென்மையாக்கப்பட்டுள்ளது. சித்திரவதைக்குட்பட்டவன் தன் துன்பத்தின் ஆசிரியனாக மட்டும் எஞ்சுகின்றான்.

இந்நெறியின் முதற் பரீட்சைக்களமாக அமைந்தது தென்னமெரிக்காவின் உருகுவே ஆகும். அந்நாடு 1970 இல், நாடாளுமன்ற ஆட்சி நிலவியபோது, விருப்ப நெறிமுறையை ஏற்றிருந்தது. இறைச்சி, கம்பளி ஏற்றுமதியில் தங்கியிருந்த அதன் பொருளாதாரம் நீண்ட தேக்கத்துக்குள்ளாகியிருந்தது. வர்க்க முரண்பாடுகள் கூர்மையடைந்தன. 1973 யூன் 27 இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு இராணுவத்தின் ஆட்சி ஏற்பட்டது. தொழிலாளர் இரு வாரங்கள் பொது வேலைநிறுத்தஞ் செய்து ஒடுக்கப்பட்டனர். ஆனால் முன்னைய ஆட்சி இட்ட கையொப்பம் எஞ்சியிருந்தது. மெக்சிக்கோவிலும் ஐரோப்பாவிலும் புகலடைந்த குடும்பத்தினர் அக்கையொப்பத்தைப் பற்றிக்கொண்டனர்.

1979 ஓகஸ்டில் குழு வெளியிட்ட முதலாவது கருத்துரை உருகுவே பற்றியதே. மெக்சிக்கோவிலிருந்து ஒரு பெண், சிறைப்பட்ட தன் கணவர், தாய், சிறியதந்தை ஆகியோர் சார்பிலும் அதனை எழுதியிருந்தார். சிறியதந்தை, உலகப் புகழ்பெற்ற கணிதவியலாளரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருள் ஒருவருமான ஹொசே லூயிஸ் மசேரா. 1975 ஒக்டோபரிற் கைதான அவர் சித்திரவதை செய்யப்பட்டிருந்தார். அரசு பொதுப்படையான மறுப்புகளையே அனுப்பியது. இத்தகைய மறுப்பு போதாது, அரசு நேர்மையாக விசாரித்து விளக்கவேண்டும், ஆதாரங்காட்டும் சுமை எழுதியவர்மேல் மாத்திரம் சுமத்தப்பட முடியாது என்ற நியாயத்தை உருகுவே பற்றிய கருத்துரைகளிலேயே குழு படிப்படியாக நிறுவியது. 1982 இல், காணாமலாக்கப்பட்ட கம்யூனிஸ்ட் எடுவார்டோ பிளெய்யர் பற்றிய கருத்துரையில் அது தெளிவாகக் கூறப்பட்டது.

கருத்துரை வெளிவந்ததும் சிறைக்கதவு திறந்துவிட்டதா? இல்லை. மசேரா 1984 மார்ச்சிலேயே விடுதலையானார். இடைக்காலத்தில் நிகழ்ந்தவை யாவை என்பதே முக்கியம். 1980 நவம்பரில் இராணுவம் முன்வைத்த அரசியலமைப்பை வாக்காளரில் ஏறத்தாழ 57 சதவீதத்தினர் நிராகரித்தனர். 1982 இல் நாணயம் வீழ்ச்சியுற்றது. 1983 மே தினத்தில் தொழிலாளர் மீண்டும் வீதிக்கு வந்தனர். 1984 சனவரியிற் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. உலகெங்குமுள்ள கணிதவியலாளர் மசேராவுக்காக இடையறாது குரலெழுப்பினர். ஆட்சியைத் தளர்த்தியது மக்களின் எதிர்ப்பே. அவ்வெதிர்ப்புக்கு, இராணுவம் மறுக்க முடியாத ஆவணத்தைத் தந்தது முறைப்பாடு. இரண்டையும் பிரித்து நோக்குதல் இயங்கியலுக்கு ஒவ்வாது.

1985 இல் சிவில் ஆட்சி மீண்டபோதும் கதை முடியவில்லை. 1986 டிசெம்பரின் சட்டம் இராணுவத்தினரைத் தண்டனையிலிருந்து காத்தது. 1989 இன் மக்கள் வாக்கெடுப்பும் அதனை நிலைநிறுத்தியது. அத்தகைய பொதுமன்னிப்பு சமவாயத்துக்கு முரணானது என்று 1994 இல் மனித உரிமைக் குழு கூறியது. 2011 இலேயே அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பின்னர் உருகுவே நாடாளுமன்றம் அத்தடையை நீக்கச் சட்டமியற்றியது. பிளெய்யரின் எச்சங்கள் 2019 இல், மொன்றிவிடியோவின் இராணுவ முகாமொன்றின் நிலத்திற் கண்டெடுக்கப்பட்டன. குழுவின் கருத்துரைக்கும் அதற்குமிடையே 37 ஆண்டுகள் கழிந்திருந்தன.

5

இனி எமது நாட்டின் அனுபவத்தை நோக்குவோம். 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றிய இலங்கை, அதற்கடுத்த ஆண்டிலேயே மேற்படி சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டது. விருப்ப நெறிமுறையை 1997 ஒக்டோபரில் ஏற்றது. வெளிநாட்டு உதவியும் நன்மதிப்பும் தேவைப்பட்ட ஓர் அரசு வெளியுலகுக்குக் காட்டிய முகத்துக்கும், உள்நாட்டில் அது கையாண்ட சட்டத்துக்கும் இடையேயான இம்முரண்பாடு 2006 இல் வெளிப்பட்டது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்ட ஒரு தமிழர், 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அவருக்கெதிரான சான்று குற்ற ஒப்புதல் வாக்குமூலமே. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவர் சிங்களம் அறியாதவர். அதன்கீழ் அவரது பெருவிரல் அடையாளம் பெறப்பட்டிருந்தது. வாக்குமூலம் வலிந்து பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் அச்சட்டத்தின்படி அவர்மீதே சுமத்தப்பட்டிருந்தது. மொழிப் பிரச்சினையைப் பண்பாட்டுப் பிரச்சினையாக மாத்திரம் நோக்குவோர் இவ்வழக்கை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தாம் வாசிக்க முடியாத ஏடொன்றின் 'ஆசிரியராக' அவர் ஆக்கப்பட்டார்.

2004 யூலையில் மனித உரிமைக் குழு, நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்றும், விடுதலை அல்லது மறுவிசாரணை, இழப்பீடு உள்ளிட்ட பரிகாரம் வழங்கப்பட வேண்டும் என்றும் கருத்துரைத்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு அவர் உயர் நீதிமன்றத்தை நாடியபோது, 2006 செப்டெம்பர் 15 இல், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. விருப்ப நெறிமுறையில் நாடு சேர்ந்தமையே அரசியலமைப்புக்கு முரணானது, அது நாட்டினுள்ளே சட்டவலு அற்றது என்பது அதன் நிலைப்பாடு. உலகத்தின்முன் இட்ட கையொப்பம் ஊருக்குள் செல்லாது என்பதே இதன் சாரம்.

உருகுவேயில் எழுதப்பட்ட கருத்துரைக்கு வலுவளித்த உள்நாட்டு மக்கள் சக்தி இங்கே எங்கிருந்தது? போரினாலும் இனவாதத்தினாலும் பிளவுண்ட தொழிலாளர் இயக்கம், ஒரு தமிழ்க் கைதியின் வழக்கைத் தன் வழக்காகக் கொள்ளும் நிலையில் இருக்கவில்லை. இதனை நீதிமன்றத்தின் குறையாக மாத்திரம் கொள்வது போதாது. எமது இடதுசாரி இயக்கத்தின் குறையாகவும் அது கொள்ளப்பட வேண்டும்.

அதற்கு மாறான தருணங்களும் இருந்துள்ளன. 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது. 1987 முதல் 1990 வரை தென்னிலங்கை இளைஞர் பெருந்தொகையாகக் காணாமலாக்கப்பட்டதையடுத்துத் தெற்கிலும் அன்னையர் முன்னணி எழுந்தது. 1990 செப்டெம்பரில், காணாமற்போனோர் பற்றிய ஆவணங்களையும் புகைப்படங்களையும் ஜெனீவாவுக்கு எடுத்துச்செல்ல முயன்ற எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் மகிந்த ராஜபக்சவிடமிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திற் பொலிசார் அவற்றைக் கைப்பற்றினர். பின்னர் 2005 முதல் 2015 வரை சனாதிபதியாக இருந்த அவரது ஆட்சி, ஜெனீவாவின் விசாரணைக் கோரிக்கைகளை இறைமைமீதான தலையீடென நிராகரித்தது. இதனைத் தனிமனிதரின் முரண்பாடாகக் காண்பதிற் பயனில்லை. முறைப்பாட்டின் அருமையை அதிகாரத்துக்கு வெளியே நிற்பவர் அறிவர். அதிகாரத்துக்குள் நுழைந்ததும் அரச இயந்திரத்தின் தர்க்கம் அவர்களை ஆட்கொள்கின்றது.

1991 இல் ஐக்கிய நாடுகளின் காணாமற்போனோர் பற்றிய செயற்குழு இலங்கைக்கு வந்தது. தாய்மாரின் போராட்டமும் தேர்தல் அரசியலும் அதனுடன் இணைந்தபோது, 1994 நவம்பரில் மூன்று பிராந்திய விசாரணை ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. ஆயின் அவற்றின் விசாரணை எல்லை 1988 சனவரி 1 இலிருந்தே தொடங்கியது. அதற்கு முன்னர் காணாமலாக்கப்பட்ட தமிழ் இளைஞரின் தாய்மார் அவ்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதைத் தள்ளியவர்களின் பலமே நிர்ணயித்தது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில முடிவுகள் புலப்படுகின்றன. சர்வதேச முறைப்பாடு அரசின் மனத்தை மாற்றுவதில்லை. அரசின் கணக்கையே மாற்றுகின்றது. மேல் சிலேசியாவில் எல்லைக்கப்பாலிருந்த தன் இனத்தவரின் நலன், உருகுவேயில் உள்நாட்டுத் தொழிலாளரும் புறநாட்டு அறிஞரும் கொடுத்த நெருக்குதல், தென்னிலங்கையில் தாய்மாரின் அமைப்பு என்பன அக்கணக்கினுள் வந்தபோது முறைப்பாடு பயனளித்தது. அத்தகைய சக்தி இல்லாதவிடத்து அது கோப்பாகவே எஞ்சியது.

இரண்டாவதாக, இந்நெறியின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அது தனிமனிதரின் காயத்தையே கேட்கப் பழகியது. காயத்தை விளைவிக்கும் உற்பத்தி உறவுகளைப் பற்றிக் கேட்கும் மொழி அதனிடமில்லை. சிறைவைக்கப்பட்டவர் முறையிடுவதற்கான நெறிமுறை 1966 இலேயே நிறைவேறியது. உணவு, உழைப்பு, கல்வி முதலான பொருளாதார, சமூக உரிமைகளுக்காக முறையிடுவதற்கான நெறிமுறை 2008 இலேயே நிறைவேறி 2013 இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 42 ஆண்டுகள் தற்செயலானவை அல்ல.

மூன்றாவதாக, எழுதப்பட்ட கோப்பு வீணன்று. அரசு மறுக்கலாம், எரிக்கலாம், விமான நிலையத்திற் பறிக்கலாம். ஆனால் பெயரும் திகதியும் இடமும் குறிக்கப்பட்ட ஒரு தாயின் எழுத்து அரசின் மறதிக்கு எதிரான சான்றாக நிற்கின்றது. பிளெய்யரின் குடும்பம் அச்சான்றை நெடுங்காலம் காத்தது. வடக்கு கிழக்கிலும் தெற்கிலும் தாய்மார் எழுதியவை இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. இரு மொழிகளிலுமுள்ள அவற்றை ஒருசேர வைத்து எவரும் ஆராய வேண்டிய அளவுக்கு ஆராயவுமில்லை. தமிழில் எழுதப்பட்டது சிங்களத்திலும், சிங்களத்தில் எழுதப்பட்டது தமிழிலும் வாசிக்கப்படும்போதே, ஒரு தாயின் முறைப்பாட்டை மற்றத் தாய் தன்னுடையதாகக் காண முடியும். அப்பணியில் மொழியும் இலக்கியமும் பயிலும் மாணவருக்கு ஒரு பங்குண்டு. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அதனைத் தம் கடமைகளுள் ஒன்றாக ஏற்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.